சொல்லிவிட்டுப் பந்து பிடித்தவன்

பந்து அசைந்த கணத்தில் என் வலது தோளோடு ஒட்டியிருந்த சூடு சட்டென்று விலகிப் போகும். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். ஒக்டோபர் கடைசி. ஸ்காபரோவில் எங்கள் பள்ளிக்கூடத்து மைதானம், புல்லைவிடச் சேறு அதிகம். மூச்சு விட்டால் ஹெல்மெட்டின் முகக்கம்பிக்கு வெளியே புகையாகப் போகிற குளிர். ஒரு கையை நிலத்தில் ஊன்றிக் குனிந்திருக்கிறேன். எனக்கு வலது பக்கத்தில், தோள் உரசுகிற தூரத்தில், என் மச்சானும் அதே மாதிரிக் குனிந்திருக்கிறான். பந்து பின்னால் போகிறது. அடுத்த நொடி அவன் அங்கே இல்லை. அவன் இருந்த இடம் வெளித்துக் கிடக்கிறது. அந்த வெளியால் எதிரணியின் பெருத்த உடம்புக்காரன் ஒருவன் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போவதற்கு வருகிறான். பின்னால் நின்று பந்தை எறிகிற எங்கள் குவாட்டர்பாக்கின் எலும்புகள் இனி என் பொறுப்பு.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு பேச்சு. சென்ற வருடம் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்தேன். பெரிய மண்டபம், பெரிய கேக். மேடையேறிய ஒருவர், நாங்கள் தொண்ணூறுகளில் வந்த கதையைச் சொன்னார். "நாங்கள் வாயைத் திறக்காமல், குனிஞ்ச தலை நிமிராமல் இருந்துதான் இந்த நாட்டிலை முன்னுக்கு வந்தனாங்கள்" என்றார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த மனைவி என் கையைப் பிடித்து அமத்தியிருக்காவிட்டால் எழும்பியிருப்பேன். குனிந்து நின்றது உண்மைதான். எனக்கும் மச்சானுக்கும் அணியில் தந்த வேலையே குனிந்து நிற்பது. ஆனால் வாயை மூடிக்கொண்டு நின்றோம் என்று யாரும் எங்களுக்காகச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் மூடவில்லை. மூடச் சொன்ன பிறகும் மூடவில்லை.

மச்சான் என்றால் பேச்சுக்கு மச்சான் அல்ல, முறைக்கே மச்சான். என் அம்மாவின் அண்ணன் மகன். பதினைந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து சேர்ந்தவன். டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டில் என் அறையில் எனக்கு எதிர்க்கட்டில் அவனுடையது. வந்த புதிதில் எலும்பும் தோலுமாக இருந்தான். கனடாப் பாலும் அம்மாவின் பிட்டும் சேர்ந்து ஒன்றரை வருடத்தில் அவனை ஒரு கதவளவுக்கு ஆக்கிவிட்டன. நான் முதலிலிருந்தே கதவளவு. இரண்டு பேரும் ஒன்றாக லிப்டில் ஏறினால் மற்றவர்கள் அடுத்த லிப்டுக்குக் காத்து நிற்பார்கள்.

உடற்பயிற்சி வகுப்பில் எங்களைப் பார்த்த கோச் ஃபுட்போல் அணிக்கு வரச் சொன்னார். காலால் உதைக்கிற ஃபுட்போல் அல்ல; ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் கொண்டு ஓடுவதும் எறிவதுமான கனடாக்காரரின் ஃபுட்போல். அதில் முன்வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரே ஒரு வேலை. எதிரே நிற்பவனை மறிப்பது. பந்து அவர்கள் கைக்கு வராது, வரவும் கூடாது. நான் அந்த வரிசையின் வலது ஓரம். எனக்கும் அப்பால், வரிசையின் கடைசி ஆளாக நிற்பவனுக்கு டைட் எண்ட் என்று பெயர். அது மச்சான். டைட் எண்ட் ஒரு இரண்டுங்கெட்டான். மறிக்கவும் செய்யலாம், ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கவும் செய்யலாம். சட்டம் இடம் கொடுக்கிறது. எங்கள் கோச் இடம் கொடுக்கவில்லை.

கோச் கெட்ட மனிதர் அல்ல. வரலாறு படிப்பிப்பவர். எந்த நேரமும் சூரியகாந்தி விதை சப்பிக்கொண்டிருப்பார். அவருடைய கணக்கில் பந்து எறிவது என்றால் இரண்டு கரைகளிலும் நிற்கிற வேகமான பையன்களுக்கு எறிவது. டைட் எண்ட் என்பது இன்னொரு சுவர். முதல் வருடம் முழுக்க மச்சான் மறித்தான். மறித்து, விழுந்து, சேறு பூசி எழும்பி வந்தான். ஒரு பந்துகூட அவன் பக்கம் வரவில்லை. நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. எனக்கு எதிரே வருகிறவனை இரண்டு பேராக மறிக்கிற சுகம் எனக்கு.

அவன் யோசித்தான். பின்னேரங்களில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் கார்கள் நிற்கிற இடத்தில் என்னை எறியச் சொல்லிப் பிடிப்பான். என் எறிதல் கேவலமானது. ஒன்று நிலத்தில் போகும், ஒன்று யாருடைய காருக்கு மேலேயோ போகும். அவனோ எல்லாவற்றையும் பிடித்தான். "உனக்கு ஆர் எறியப் போறாங்கள் எண்டு இதைப் பழகிறாய்?" என்று ஒருநாள் கேட்டேன். அவன் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு சொன்னான்: "மச்சான், ஒரு வருசமா மறிச்சுக்கொண்டு நிண்டு பாத்தனான். எங்களை மறிக்கிறவங்களுக்குப் பின்னாலை, கடைசியிலை நிக்கிறவங்களுக்கு முன்னாலை, நடுவிலை பெரிய வெளி ஒண்டு கிடக்கு. அங்கை ஒருத்தரும் போறேல்லை. அது என்ரை இடம்."

அது என்ரை இடம். அதை அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அவன் எதையும் தன்னுடையது என்று சொன்னதில்லை. கட்டிலில் ஓரமாகப் படுப்பான். சாப்பாட்டில் கடைசித் துண்டு மீனைத் தொடமாட்டான். மாமி வீட்டில் இருக்கிற பிள்ளை எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருப்பான். அப்படிப்பட்டவன் ஒரு மைதானத்தின் நடுவிலே கிடந்த வெறும் நிலத்தை உரிமை கொண்டாடினான். அன்றைக்கு நான் சிரித்தேன்.

இரண்டாம் வருடத்தின் தொடக்கத்தில் அது தற்செயலாக நடந்தது. கரைப் பையன்கள் இருவரையும் எதிரணி இறுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கள் குவாட்டர்பாக், ஜமேக்காவில் பிறந்த மெல்லிய பையன், பந்தை வைத்துக்கொண்டு எறிய ஆளில்லாமல் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தான். மச்சான் தன் ஆளை மறித்து முடித்துவிட்டு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், மெதுவாக அந்த நடுவெளிக்குள் நடந்து போய்க் கையை உயர்த்தினான். குவாட்டர்பாக்குக்கு வேறு வழியிருக்கவில்லை. எறிந்தான். மச்சான் பிடித்தான். பிடித்ததோடு நிற்காமல் இரண்டு பேரை முதுகில் தொங்கவிட்டபடி இன்னும் கொஞ்சத் தூரம் போனான். கோச் கரையிலிருந்து, உன்னை யார் அங்கே போகச் சொன்னது என்று கத்தினார். "அங்கே யாரும் இருக்கவில்லை, கோச்" என்று இவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான்.

குவாட்டர்பாக் ருசி கண்டுவிட்டான். கரைக்கு எறிகிற நீண்ட பந்து காற்றில் அலைக்கழியும்; நடுவில் நிற்கிற இந்தப் பெரிய உருவத்துக்கு எறிவது சுலபம். பயிற்சியில் அவனைத் தேடத் தொடங்கினான். கோச் முகத்தைச் சுளித்துக்கொண்டே பந்து அவனுக்குப் போகிற மாதிரி ஒரு ஆட்டம் வகுத்தார். பிறகு இன்னொன்று. செப்டெம்பர் முடிவதற்குள், மூன்றாவதும் கடைசியுமான வாய்ப்பில் கட்டாயம் தூரம் எடுத்தாக வேண்டிய நேரங்களில், எதிரணிக்கும் எங்களுக்கும் மைதானத்து வேலிக்கும்கூடத் தெரியும், பந்து யாரிடம் போகப் போகிறது என்று.

இதில் அகப்பட்டவன் நான். அவன் ஓடும் ஒவ்வொரு முறையும் எதிரே வருகிற பெருத்த உடம்புக்காரனை நான் தனியே சமாளிக்க வேண்டும். ஒரு மட்சில் என்னைச் சுற்றிக்கொண்டு போனவன் குவாட்டர்பாக்கைத் தூக்கி நிலத்தில் அடித்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரவு வீட்டில் கட்டிலில் இருந்தபடி மச்சானிடம் பாய்ந்தேன்.

"நீ போனா நான் தனிய என்னடா செய்யிறது?"

"தனிய நிக்கப் பழகு."

"சொல்லுறதுக்குச் சுகம்."

"நான் பழகினனான்தானே" என்றான். அவ்வளவுதான். திரும்பிப் படுத்துவிட்டான். எனக்கு அவனைக் கட்டிலோடு தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. ஆனால் அடுத்த நாள் பின்னேரம் கார்கள் நிற்கிற இடத்தில் அவனே வந்து ஒரு யோசனை சொன்னான். ஓடுவதற்கு முன் உனக்கு எதிரே நிற்கிற பெரியவனின் விலாவில் தோளால் ஒரு இடி இடித்துவிட்டு ஓடுகிறேன், அவன் தடுமாறுகிற நேரத்தில் நீ பிடித்துக்கொள் என்றான். அது சரிவந்தது. ஆனால் எப்போது இடிப்பான், எப்போது நேரே ஓடுவான், எப்போது நிற்பான் என்று எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். எதிரே நிற்பவனுக்குத் தெரியக்கூடாது.

அப்படித்தான் வரிசையில் தமிழ் வந்தது. யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. குனிந்து கை ஊன்றும்போது அவன் எனக்குச் சொல்வான். நின்று மறிக்கப் போகிறான் என்றால் "நிக்கிறன்." ஓடப் போகிறான் என்றால் "வாறன்." இடித்துவிட்டு ஓடுவதென்றால் "இடிச்சிட்டு வாறன்." ஓடுகிறவன் "போறன்" என்றல்லவா சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் வாசலைத் தாண்டுகிற எவரும் போறன் என்று சொல்லித் தப்ப முடியாது. அம்மா திரும்பக் கூப்பிட்டு, வந்து இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, "வாறன்" என்று சொல்லிவிட்டுப் போக வைப்பார். அந்தப் பழக்கம் ஹெல்மெட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

கோச்சின் காதில் அது விழுந்தது. அவருக்குச் சந்தேகம். இந்த இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள்? அந்த வருடங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. எங்கள் பள்ளிக்கூடத்து நடைபாதையில் நாலு தமிழ்ப் பையன்கள் சேர்ந்து நின்றால் ஒரு ஆசிரியர் வந்து கலைந்து போகச் சொல்வார். வேறு நாலு பேர் நின்றால் நண்பர்கள். நாங்கள் நின்றால் கும்பல். ஒரு பயிற்சி முடிவில் கோச் எங்களை நிறுத்தி, என் மைதானத்தில் ஆங்கிலம் மட்டும்தான் என்றார். எனக்குத் தலை தானாக ஆடிவிட்டது. மச்சானின் தலை ஆடவில்லை.

"கோச்," என்றான், "நீங்கள் கரையில் நின்று தொப்பியைத் தொட்டு, மூக்கைத் தொட்டு, காதைத் தொட்டு எங்களுக்கு ஆட்டம் சொல்கிறீர்கள். அது எந்த மொழி?"

கோச் விதை சப்புவதை நிறுத்திவிட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு அவர் ஒரு நிபந்தனை சொன்னார். சரி, பேசுங்கள். ஆனால் உங்கள் பேச்சால் என் அணிக்கு ஒரு ஆட்டம் கெட்டால், அன்றோடு நீ திரும்பவும் சுவர். உனக்குப் பந்து கிடையாது. மச்சான் "ஓகே, கோச்" என்றான். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அவனிடம், இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த இடத்தை ஏன் இந்தத் தமிழ்ப் பேச்சுக்காகப் பணயம் வைத்தாய் என்று கேட்டேன். "வாயைப் பொத்திக்கொண்டு பந்து பிடிக்கிறதெண்டால் எனக்கு அந்தப் பந்து வேண்டாம்" என்றான்.

நவம்பர் முதற் கிழமை அரையிறுதி. மோர்னிங்சைட் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றோடு. தொடக்கத்திலிருந்தே ஏதோ பிழையாகப் போனது. அவர்களின் வரிசைக்குப் பின்னால், மச்சானுக்கு நேர் எதிரே, மெலிந்த காவற்காரன் ஒருவன் நின்றான். லைன்பாக்கர் என்பார்கள். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாது. மச்சான் "வாறன்" என்றால் அவன் இரண்டு அடி பின்னுக்குப் போய் அந்த நடுவெளியில் நின்றுகொள்வான். "நிக்கிறன்" என்றால் வேறு ஓட்டையால் உள்ளே பாய்ந்து வருவான். ஒரு பந்தைத் தட்டிவிட்டான். இன்னொன்றையும் தட்டிவிட்டான். நாங்கள் சத்தத்தைக் கூட்டினோம், ஒருவேளை எங்களுக்குள்தான் பிழையாக விளங்குகிறதோ என்று. மூன்றாவது பந்தையும் அவன் தட்டிவிட்டபோது மச்சானும் அவனும் ஒன்றாகச் சேற்றில் விழுந்தார்கள். எழும்பும்போது அந்தக் காவற்காரன் மச்சானின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டுச் சொன்னான்:

"அண்ணை, ரெண்டு பேரும் கொஞ்சம் மெல்லமாக் கதையுங்கோ. எனக்கு எல்லாம் வடிவாக் கேக்குது."

ஸ்காபரோவில் நின்றுகொண்டு தமிழை இரகசிய மொழி என்று நம்பிய இரண்டு மடையர்கள் நாங்கள். எங்கள் பஸ்ஸில் தமிழ், எங்கள் லிப்டில் தமிழ், கோழி வாங்கப் போகிற கடையில் தமிழ், மோர்னிங்சைட்டில் எங்கள் அம்மாவின் பாதி உறவினர்கள். இருந்தும் அந்த ஹெல்மெட்டுகளுக்குள் ஒரு தமிழ்க் காது இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. மற்றவர்கள் எங்களைப் பற்றி நினைத்திருந்ததை நாங்களும் நினைத்திருந்தோம். இந்த விளையாட்டில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான் என்று.

கோச்சுக்கும் விளங்கிவிட்டது. எப்படி விளங்கியதோ தெரியாது, அந்தப் பையன் சிரித்த சிரிப்பிலிருந்தாக இருக்கலாம். இடைவேளையில் அவர் சத்தம் போடவில்லை. விரலை மட்டும் நீட்டினார். "நீ மறி" என்றார். "மறிக்க மட்டும்." மச்சான் தலையாட்டினான். கொடுத்த பேச்சு பேச்சுத்தான். மூன்றாவது காற்பகுதி முழுக்கச் சுவராக நின்றான். எங்கள் எறிதல் அப்படியே படுத்துவிட்டது. கரைப் பையன்களை இரண்டிரண்டு பேர் சூழ்ந்து நின்றார்கள். நடுவெளி காலியாகக் கிடந்தது. நாங்கள் பின்னுக்கு இருந்தோம்.

கரையில் தண்ணீர் குடிக்கும்போது நான் அவன் காதுக்குள் சொன்னேன். "மாத்திச் சொல்லுவம் மச்சான். நிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு ஓடு. வாறன் எண்டு சொல்லிப்போட்டு நில்லு. அவன் பேயனாப் போவான்." இது யாருக்கும் தோன்றக்கூடிய தந்திரம்தான். கோச்சிடம் போய்ச் சொன்னால் அவரே சம்மதித்திருப்பார். மச்சான் தண்ணீர்ப் போத்தலை வாயிலிருந்து எடுத்தான்.

"வாறன் எண்டு சொல்லிப்போட்டு நிக்க என்னாலை ஏலாது."

"எடேய், இது விளையாட்டடா."

"அம்மாட்டைச் சொல்லிப்போட்டு வந்த சொல்லு அது" என்றான்.

அவனுடைய அம்மா அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தார். அவன் அவரைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை; கேட்டால் எழும்பிப் போய்விடுவான். அவர் நின்ற வாசலைத் தாண்டும்போது கடைசியாகச் சொன்ன சொல்லை இந்தச் சேற்றுக்குள் இத்தனை நாளும் அவன் எந்த அர்த்தத்தில் சொல்லிக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. அழுகை வந்தது. முகக்கம்பி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

கடைசிக் காற்பகுதியில் முடிவெடுத்தவன் குவாட்டர்பாக். ஆட்டத்துக்கு முன் எல்லோரும் வட்டமாகக் கூடி நிற்கும்போது, கோச் காட்டிய ஆட்டத்தைச் சொல்லாமல் மச்சானைப் பார்த்தான். "நான் உன்னிடம்தான் எறியப் போகிறேன். கோச் என்னைத் திட்டட்டும். அந்தக் காவற்காரன் உன் பாஷை தெரிந்தவன் என்றால் அவனுக்கு ஏதாவது சொல்லிவை" என்றான். மச்சான் "சரி" என்றான். ஆங்கிலத்தில் அல்ல, தமிழில் சரி. அதற்குள் அந்த அணியில் எல்லோருக்கும் அந்தச் சொல் தெரிந்திருந்தது.

வரிசைக்கு வந்தோம். குனிந்தோம். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி நேரே அந்தக் காவற்காரனைப் பார்த்தான். மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னான்:

"தம்பி, இப்ப நான் வாறன். நடுவாலை. பந்து எனக்குத்தான்."

அந்தப் பையன் சிரித்தான். யார்தான் நம்புவார்கள்? உண்மையைச் சொல்லிவிட்டு ஓடுகிறவனை அவன் பார்த்திருக்க மாட்டான். பொய் என்று நினைத்து முன்னுக்கு ஒரு அடி வைத்தான். அந்த ஒரு அடி போதும். பந்து அசைந்தது, என் வலது பக்கத்துச் சூடு போனது, எனக்கு எதிரே நின்ற பெரியவன் என் மேல் விழுந்தான். நான் அவனைப் பிடித்துக்கொண்டு சரிந்தபடியே பார்க்கும்போது மச்சான் அந்த நடுவெளியில் தன்னந்தனியாகத் திரும்பி நின்று பந்தை வாங்கினான். கரையில் கோச் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை.

அடுத்தது கோல்கோட்டுக்குக் கிட்டே. குவாட்டர்பாக் வட்டத்தில் மச்சானை நோக்கித் தலையை அசைத்தான். "இடிச்சிட்டு வாறனோ?" என்று மச்சான் என்னிடம் கேட்டான். எனக்கு விலாவில் நோவு. இடித்துவிட்டுப் போனால் எனக்கு நல்லது. ஆனால் அவனுக்கு ஒரு நொடி பிந்தும். "வேண்டாம்" என்றேன். "நீ நேரை போ. இவனை நான் பாத்துக்கொள்ளுறன்." அவன் மறுபடியும் தலையை நிமிர்த்தினான்.

"தம்பி, திரும்பவும் வாறன். அதே இடம். ஏலுமெண்டாப் பிடி."

இந்த முறை அந்தப் பையன் சிரிக்கவில்லை. நம்பிவிட்டான். பந்து அசைவதற்கு முன்பே பின்னுக்குப் போய் அந்த இடத்தில் நின்றான், கூட இன்னொருவனையும் கூப்பிட்டுக்கொண்டு. மச்சான் சொன்ன இடத்துக்கே போனான். குவாட்டர்பாக் பந்தை மேலே, அந்த உயரத்தில் கை உள்ளவன் ஒருவனுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி எறிந்தான். மூன்று பேர் எழும்பினார்கள். இரண்டு பேர் வெறுங்கையோடு இறங்கினார்கள். மச்சான் கோட்டுக்கு அப்பால் விழுந்தான், பந்து நெஞ்சில். ஆறு புள்ளி; நாங்கள் முன்னுக்கு. நானோ இந்தப் பக்கத்தில் அந்தப் பெரியவனை ஒரு அடிகூட உள்ளே விடவில்லை. அதை ஒருவரும் பார்க்கவில்லை. முன்வரிசைக்காரனுக்குக் கைதட்டல் கிடையாது. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று என்று இப்போது நானே சொல்லிக்கொள்கிறேன்.

மட்சை வென்றோம் என்று எழுத எனக்கும் ஆசை. வெல்லவில்லை. கடைசி நிமிடங்களில் அவர்கள் பந்தைக் கம்பங்களுக்கு நடுவால் உதைத்து வென்றார்கள். எங்கள் ஆட்டப் பருவம் அன்றோடு முடிந்தது. கை குலுக்கும் வரிசையில் அந்தக் காவற்காரன் ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான். மீசை அரும்பாத சின்ன முகம். "சொல்லிப்போட்டு வந்தீங்கள், எனக்குத் தெரிஞ்சும் பிடிக்கேலாமல் போச்சண்ணை" என்றான். மச்சான் அவன் தலையைத் தடவிவிட்டான். அந்த முதற் பாதியில் தட்டுப்பட்ட பந்துகளில் ஒன்றாவது பிடிபட்டிருந்தால் வென்றிருப்போம் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வாயால் கெட்டது என்பதும் தெரியும்.

மச்சான் இப்போது றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறான். வீடுகளுக்குச் சூடாக்கி பொருத்துகிற கம்பனி நடத்துகிறான். முழங்கால் இரண்டும் போய்விட்டன, வயிறு வந்துவிட்டது. அவனிடம் வேலை செய்கிற பையன்கள் வாடிக்கையாளர் வீடுகளில் தமிழில் கூப்பிட்டுக் கதைப்பார்கள். யாராவது முகம் சுளித்து அவனுக்கு அழைப்பெடுத்தால், வேலையில் பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்பான். அந்த மண்டபத்துப் பேச்சை அவனிடம் சொன்னேன். சிரித்தான். எனக்கோ இன்னும் கோபம் ஆறவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்து முன்னேறியவர்கள் இருக்கலாம். அது அவர்களுடைய பாடு. எல்லோருடைய கதையும் அதுதான் என்று அவர்கள் எழுதிவைக்கக் கூடாது.

தோற்ற மட்சுக்கு அடுத்த திங்கட்கிழமை, ஹெல்மெட்டையும் கவசங்களையும் திருப்பிக் கொடுக்கப் போனோம். கோச் எங்கள் இருவரையும் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நான் முடிவு தெரிந்தவன் போல நின்றேன். அடுத்த வருடம் மச்சான் திரும்பவும் சுவர், நான் ஊமை. கோச் மேசையில் கிடந்த விதைத் தோல்களைக் கையால் கூட்டி ஒதுக்கினார். பிறகு மச்சானைப் பார்த்து, வருகிற வருடம் குவாட்டர்பாக் முதலில் பார்க்கப் போவது உன்னை, கரைப் பையன்கள் உனக்குப் பிறகுதான் என்றார். மச்சான் நன்றி சொன்னான். கோச் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். ஆனால் ஒன்று, என்றார், இந்தக் குளிர்காலத்துக்குள் நீங்கள் இரண்டு பேரும் வேறு சொற்களைக் கண்டுபிடியுங்கள். மோர்னிங்சைட் பையனும் அடுத்த வருடம் அங்கேதான் நிற்பான். அவனுக்கு விளங்காத சொற்களாக இருக்க வேண்டும்.

மச்சான் தன் ஹெல்மெட்டை மேசையில் வைத்தான்.

"வேண்டாம், கோச்," என்றான். "அவனுக்கு விளங்கட்டும்."